மூன்றாம் கட்ட அழுகை

மூன்றாம் மாதம் பிறந்து ஒன்பது நாள் ஆகியும் ஊசிக்கு அழுகை வரவில்லை. வேறு யார் பொறுப்பில் இருந்திருந்தாலும், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். ஊசி இருந்ததோ உலகளாவிய மாணவர் பரிமாற்றக் கழகத்தின் பொறுப்பில். அங்கே அழுகைக்கு ஒரு மாதம் உண்டு. அந்த மாதத்துக்கு ஒரு படிவமும் படிவத்துக்கு ஒரு கடைசித் தேதியும் உண்டு.

ஊசி என்பது வீட்டில் வைத்த பெயர். அம்மா தையல்காரி. அப்பா வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்க்கிறவர். பெண் ஒல்லி, வாய் கூர்மை, அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பதினாறாவது வயதில் பள்ளி அறிவிப்புப் பலகையில் 'வெளிநாட்டில் ஓராண்டு, அன்பான ஒரு குடும்பத்தோடு' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த பரீட்சையிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று ஊசி எழுதிப் போட்டாள். தேர்வாகியும் விட்டாள். விமானம் ஏறி, இறங்கி, கண்ணைக் கசக்குவதற்குள் கழகத்தின் மூன்று நாள் பயிற்சி முகாமில் உட்கார வைத்துவிட்டார்கள்.

முகாம் மண்டபத்தின் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. ஒரு கோடு மேலே ஏறி, கீழே விழுந்து, பாதாளத்தில் கொஞ்ச நேரம் கிடந்து, மறுபடி மெல்ல மேலே வந்தது. அதற்குக் கீழே ஐந்து கட்டங்கள்: வியப்பு, எரிச்சல், ஏக்கம், ஏற்பு, இணைவு. கழகத்தின் இயக்குநர் நீண்ட குச்சியோடு மேடையேறினார். உயரமான மனிதர். மேடையில் பேசுகிற பழக்கத்தால் எதிரில் ஒருவர் மட்டும் இருந்தாலும் பத்து வரிசை தாண்டிக் கேட்கும்படிதான் பேசுவார்.

"பிள்ளைங்களா, நீங்க ஒவ்வொருத்தரும் தனித்தனி ரகம். ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் கிடையாது. அதனாலதான் எல்லாருக்கும் இதே வளைவு. முதல் மாசம் வியப்பு. ரெண்டாவது மாசம் எரிச்சல். மூணாவது மாசம் அழுவீங்க. இங்க யாரும் யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. இதை நான் கட்டாயமா சொல்லிக்கறேன்."

மண்டபம் கைதட்டியது. கைதட்டுவதும் நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

இரண்டாம் நாள் அணைப்புப் பயிற்சி. புதுக் குடும்பத்தைச் சந்திக்கும்போது மூன்று வினாடி அணைக்க வேண்டும். இரண்டு வினாடி அணைத்தால் ஒட்டாத பிள்ளை, நான்கு வினாடி அணைத்தால் ஒட்டுண்ணி. பயிற்சிக்குக் குடும்பம் கிடைக்காததால் ஆளுக்கொரு நாற்காலியை அணைத்தார்கள். ஊசிக்கு வாய்த்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடியது. மூன்றாம் நாள் இருநூற்றுப் பதினான்கு பக்கக் கையேடு வந்தது. வீட்டுக் குளிர்பெட்டியை முதல் பதினான்கு நாள் கேட்டுவிட்டுத் திறக்கலாம். பதினைந்தாம் நாளிலிருந்து கேட்காமல் திறக்கலாம். அறுபதாம் நாளிலிருந்து உள்ளே ஒன்றும் இல்லையே என்று அலுத்துக்கொள்ளலாம். எட்டாம் நாள் முதல் வீட்டுத் தலைவியை 'அம்மா' என்றும் தலைவரை 'அப்பா' என்றும் அழைக்க வேண்டும்.

குடும்பத்தார் வந்து பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளும் நேரத்தில், சீருடையும் தொப்பியுமாக ஒரு பெண்மணி மண்டபத்துக்குள் விறுவிறுவென்று வந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். ஊசியின் வீட்டுத் தலைவி அவர்தான்.

"ஏம்மா, உன் பெட்டி இதானா? வா வா. பஸ்ஸை வெளியில நிறுத்திட்டு வந்திருக்கேன். எனக்கு எட்டு நிமிஷம்தான் இருக்கு."

ஊசி அவரை அணைத்தாள். பக்கத்தில் நின்ற மண்டல ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வரைபடத்தைச் சுருட்டிக் குழலில் போட்டுத் தோளில் மாட்டியிருக்கும் அந்த அம்மாள்தான் இனி ஆண்டு முழுக்க ஊசியைக் கண்காணிக்கப் போகிறவர்.

"ரெண்டு செகண்டுதான் ஆச்சு. திரும்ப ஒரு தடவை பண்ணிடலாமா?"

"மிச்ச ஒரு செகண்டை வீட்ல வச்சு முடிச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஊசிக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது.

வீடு சின்னது. முன்னறையைப் பாதியாகத் தடுத்து வீட்டுக்காரர் தன் பட்டறையை வைத்திருந்தார். அவர் செய்வது செயற்கைப் பல். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை அடுக்கி, ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். அலமாரி நிறைய யார் யாருடைய தாடைகளோ பெயர்ச்சீட்டோடு இளித்துக்கொண்டிருக்கும். முதல் காலையில் அதைப் பார்த்து ஊசி "ஆ!" என்றாள். முதல் மாத அறிக்கையில் வியப்பு என்ற கட்டத்துக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண். உருண்டைத் தலை, குச்சி உடம்பு. ஊசி பார்த்த மாத்திரத்தில் அதற்குக் குண்டூசி என்று பெயர் வைத்தாள். பேரின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தக் குழந்தை, பள்ளி நோட்டில் எல்லாம் சொந்தப் பெயரை அடித்துவிட்டு அதை எழுதிக்கொண்டது.

பாஷை ஒரு பிரச்சினையாக இல்லை. பள்ளியில் ஆறு வருடம் படித்த பாஷைதான். முதல் வாரம் தடுக்கியது, இரண்டாம் வாரம் நொண்டியது, மூன்றாம் வாரம் குண்டூசியோடு சண்டை போடுமளவு தேறிவிட்டது. அழைப்பு முறைதான் கொஞ்சம் இடித்தது. எட்டாம் நாள் காலையில் ஊசி சொல்லிவிட்டாள்: "எனக்கு ஊர்ல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க ஒருத்தங்களைச் சமாளிக்கறதே பெரும்பாடு. உங்களைச் சித்தின்னு கூப்பிடட்டுமா? எங்க பேச்சுல அம்மாவோட தங்கச்சி."

"நான் உங்கம்மாவுக்குத் தங்கச்சியா? அப்போ எனக்கு வயசு கம்மி. தாராளமாக் கூப்பிடு" என்றார் ஓட்டுநர். பல்காரர் தானாகவே சித்தப்பா ஆனார்.

கழகத்தின் படிவத்தில் 'அம்மா என்று அழைக்கிறாரா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். ஒருங்கிணைப்பாளர் வெகுநேரம் யோசித்து இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டில் ஒரு புள்ளி வைத்தார்.

பள்ளியிலும் கழகம் விடவில்லை. தன் நாட்டைப் பற்றி ஊசி வகுப்பில் பேச வேண்டும். பேச்சைக் கழகமே எழுதிக் கோடிட்ட இடங்களோடு அனுப்பியிருந்தது. 'என் நாட்டின் ______ மிகவும் அழகானவை. எங்கள் மக்கள் ______ நேசிப்பவர்கள்.' ஊசி எழுந்து "என் நாட்டின்" என்று தொடங்கியதுமே வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "மலைகள் மிகவும் அழகானவை!" என்று முடித்து வைத்தது. போன வருடம் வேறொரு நாட்டிலிருந்து வந்த பையனும், அதற்கு முந்தின வருடம் வந்த பெண்ணும் அதே பேச்சைத்தான் பேசியிருந்தார்கள். ஊசியின் ஊரில் மலை கிடையாது. இருந்தாலும் வகுப்பே ஆசைப்படும்போது கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் மாதம் எரிச்சல். 'புதிய இடத்தில் உங்களை எரிச்சலூட்டும் ஐந்து விஷயங்களை எழுதுக' என்றது படிவம். ஊசி பேனாவைக் கடித்தாள். கூரையைப் பார்த்தாள். முதல் எண்ணுக்கு எதிரே 'குளியலறைக் கதவு சிக்குகிறது' என்று எழுதினாள். இரண்டாவதற்கு எதிரே 'வேறு ஒன்றும் தோன்றாதது' என்று எழுதினாள். மீதி மூன்று காலி.

படிவம் சாப்பாட்டு மேசையில் கிடந்ததைச் சித்தப்பா படித்துவிட்டார். நல்ல மனிதர். அன்று மத்தியானமே கதவைக் கழற்றி, இழைப்புளி போட்டுச் சீவி, திரும்ப மாட்டிவிட்டார். கதவு ஒரு விரலால் தள்ளினால் போதும், வெண்ணெய் மாதிரித் திறந்தது.

அடுத்த வாரம் ஒருங்கிணைப்பாளர் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முகம் இருண்டது.

"இதை யாரு சரி பண்ணினது?"

"நான்தாங்க" என்றார் சித்தப்பா, பாராட்டை எதிர்பார்த்து.

"எதுக்கு?"

"சிக்கிச்சு."

"சார், அந்தப் பொண்ணோட மொத்த எரிச்சலும் இந்தக் கதவை நம்பித்தான் இருந்தது. இப்போ நான் மேலிடத்துக்கு என்னன்னு எழுதறது?"

சித்தப்பா கதவை மறுபடி சிக்க வைக்க முடியுமா என்று பார்ப்பதாகச் சொன்னார். சீவின மரம் சீவினதுதான். ஒருங்கிணைப்பாளர் 'எரிச்சல்: தொடங்கியது, குடும்பத்தின் தலையீட்டால் நின்றது' என்று எழுதிக்கொண்டு போனார்.

இப்படி ஏற்கனவே ஒரு கரும்புள்ளியோடுதான் மூன்றாம் மாதம் வந்தது. ஏக்கம். வளைவின் பாதாளம். ஒன்பதாம் நாள் ஒருங்கிணைப்பாளர் மேசையில் படிவத்தை விரித்தார்.

"அழுதியா?"

"இல்லீங்க மேடம்."

"தலையணை ஈரமாகியிருக்கா?"

"இந்தக் குண்டூசி ஒரு நாள் தண்ணி கொட்டினா."

"அது சேராது. சாப்பாடு இறங்கலையா?"

சித்தி குறுக்கிட்டார். "எனக்கு வச்சிருந்ததையும் சேர்த்து இறங்குது."

ஒருங்கிணைப்பாளர் குழலிலிருந்து வரைபடத்தை உருவி, பாதாளத்தில் விரலை வைத்தார். "இங்க இருக்கணும் நீ. இப்போ எங்க இருக்கேன்னே தெரியல. கோட்டுக்கு வெளியில நிக்கற. வந்த பிள்ளைங்க எல்லாம் எவ்வளவு அழகா அழுதுட்டாங்க தெரியுமா? பக்கத்துத் தெருவுல ஒரு பையன் முதல் தேதியே ஆரம்பிச்சுட்டான்."

மருந்தும் எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் பெற்றோர் படத்தை, சாப்பிடும்போது கண்ணில் படும்படி வைக்க வேண்டும். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் கண்ணுக்கு எதிரே நிறுத்த வேண்டும். ஒரு வாரம் தினமும் ஊருக்குப் போன் பேச வேண்டும்.

படத்தை வைத்தார்கள். படத்தில் அம்மா, போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னது பிடிக்காமல் முறைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் குண்டூசி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே காய்கறியை மீதி வைக்காமல் தின்றுவிட்டது. பயந்துதான். அந்த வீட்டில் மருந்து கேட்டது அதற்கு மட்டுமே.

போனும் பேசினாள்.

"அம்மா, நான் அழணுமாம்."

"ஏன், யாரு என்ன சொன்னா? எவ அவ?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அழலைங்கறதுதான் பிரச்சினையாம்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்."

"தூங்கறியா?"

"நல்லா."

"அப்புறம் எதுக்குடி அழணும்? அந்தப் பொம்பளைகிட்டப் போனைக் குடு, நான் பேசிக்கறேன்."

"உனக்கு அவங்க பாஷை தெரியாதும்மா."

"திட்டறதுக்கு எதுக்கு பாஷை?" என்றாள் அம்மா. "சரி சரி, வை. ரெண்டு சட்டை இன்னிக்குக் குடுக்கணும்."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கும் சத்தத்தோடு போன் நின்றது. ஊசிக்குச் சிரிப்புத்தான் வந்தது. படிவத்தில் சிரிப்புக்கு இடமில்லை.

மாதம் முடியும்போது கழகத்திலிருந்து கடிதம் வந்தது. கையேட்டின் எண்பத்தெட்டாம் விதியைக் கடிதம் அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. 'குறித்த காலத்தில் ஏக்கம் தோன்றாவிடில், குடும்பம் அளவுக்கு மீறி இதமாக இருப்பதாகக் கருதி, மாணவர் சற்றே குறைவான குடும்பத்துக்கு மாற்றப்படுவார்.' இயக்குநரே அடுத்த சனிக்கிழமை முற்பகல் நேரில் வந்து ஏக்க மதிப்பீடு நடத்துவார் என்றும் இருந்தது.

சித்தி ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டார். "குறைவான குடும்பம்னா என்னங்க அர்த்தம்?"

"கவலைப்படாதீங்க. எங்ககிட்ட ரெண்டு குடும்பம் எப்பவும் தயாரா இருக்கு. ரொம்ப அனுபவசாலிங்க. அங்க போன பிள்ளை ஒண்ணுகூட ஒரு வாரத்துக்கு மேல அழாம இருந்ததில்ல."

சித்தி போனை வைத்துவிட்டு, இரண்டு சிக்னலில் சிவப்பு விழுந்ததுபோல நின்றார்.

அதன் பிறகு அந்த வீடு அழுகைப் பயிற்சிக் கூடம் ஆயிற்று. சித்தி ஒரு கூடை வெங்காயத்தை ஊசி முன்னால் கவிழ்த்தார். ஊசி சலிக்காமல் நறுக்கினாள். கண் காய்ந்தே இருந்தது, அறையில் மற்ற மூன்று பேரும் மூக்கைச் சிந்தினார்கள். சித்தப்பா நாய் சாகிற ஒரு படத்தைப் போட்டார். நாய் செத்ததும் சித்தப்பாவே எழுந்து பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குண்டூசி ஒரு யோசனை சொன்னது.

"உனக்குப் பிடிச்ச யாராவது செத்துப்போன மாதிரி நினைச்சுக்கோ அக்கா."

"யாரு?"

"நான்."

"நீ செத்தா அழமாட்டேன். எழுப்பி உட்கார வச்சு உதைப்பேன்."

குண்டூசி இதைக் கேட்டு மிகவும் திருப்தியடைந்தது.

ஆனால் ஊசிக்கு உள்ளூர ஒரு பயம் முளைத்துவிட்டது. இத்தனை படித்தவர்கள், வரைபடம் எல்லாம் வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளை அழுதே ஆக வேண்டும் என்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அழுகின்றன. தான் மட்டும் ஏதோ ஒன்று குறைந்துபோய்ப் பிறந்துவிட்டோமோ? பள்ளி விட்டு வந்து கட்டிலில் கிடந்து அம்மாவை நினைத்துப் பார்த்தாள். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரோடு சண்டை போடுவது நினைவுக்கு வந்தது. அப்பா மழையில் நனைந்து வந்து, மீட்டர் நோட்டை மட்டும் நனையாமல் சட்டைக்குள்ளிருந்து எடுப்பது வந்தது. சிரிப்பு வந்தது. அது வந்ததுமே பயம் இன்னும் கூடியது.

காலையில் சித்தியின் பேருந்தில்தான் பள்ளிக்குப் போவாள், ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. வெள்ளிக்கிழமை, வண்டி சிவப்பில் நின்றபோது கேட்டுவிட்டாள்.

"சித்தி, எனக்குப் பாசமே இல்லையோ?"

சித்தி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "காலையில பல் தேய்க்கும்போது யாரை நினைக்கற?"

"அம்மாவை. வாயில நுரையோட பேசாதேன்னு கத்துவாங்க."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்புறம் என்ன?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல சித்தி."

பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஒலிப்பானை அடித்தார்கள். "கட்டம் இல்லைன்னா அவங்கதான் இன்னொரு கோடு போட்டுக்கணும்" என்று சொல்லி சித்தி வண்டியை எடுத்தார். ஊசிக்கு மனசு கொஞ்சம் லேசானது. ஆனாலும் மறுநாள் சனிக்கிழமை.

இயக்குநர் பத்தரை மணிக்கு வந்தார். ஒருங்கிணைப்பாளர் குழலும் நிறுத்துக் கடிகாரமுமாகப் பின்னால் வந்தார். சித்தி சீருடையோடு தயாராக இருந்தார், ஒன்றே காலுக்கு வண்டி எடுக்க வேண்டும். இயக்குநர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியில் இளித்த தாடைகளைப் பார்த்து அரை அடி பின்வாங்கினார். மெத்தையை அழுத்திப் பார்த்து, "ரொம்ப மெத்துன்னு இருக்கு" என்று குறை சொன்னார். பிறகு சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, எதிரில் இருந்த ஐந்து பேரையும் ஐந்நூறு பேராகப் பாவித்துப் பேசத் தொடங்கினார்.

"பதினெட்டு வருஷமா இந்த வளைவு ஒரு தடவைகூடத் தப்பானதில்ல. தப்பான பிள்ளைங்கதான் சில சமயம் வந்திருக்காங்க. நாங்க அவங்களைத் திருத்தியிருக்கோம். போன வருஷம் ஒரு பொண்ணு நாலாவது மாசம் அழுதா. நாங்க தேதியை மாத்திக் கோப்புல சேத்துக்கிட்டோம். எங்களுக்கும் இரக்கம் உண்டு."

சித்தி தொப்பியை மேசையில் வைத்தார்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கறேன். என் பஸ்ல தினம் அத்தனை பேர் ஏறுறாங்க. யாரு எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு நான் சொன்னதே இல்ல. இவ மூணாவது ஸ்டாப்புல இறங்கலைன்னா வண்டியை விட்டே தள்ளிவிடணுமா?"

"அம்மா, பஸ் வேற. இது உணர்ச்சி. உணர்ச்சியை அப்படி இஷ்டத்துக்கு விட முடியாது" என்றார் இயக்குநர். "ஆரம்பிக்கலாம்."

மதிப்பீட்டு முறை எளியது. இயக்குநர் ஒரு தாளிலிருந்து ஏக்கம் தூண்டும் சொற்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். மாணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் கண்ணீரைக் கவனித்து நேரம் குறிப்பார். ஊசி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சொன்னபடி பார்த்தாள். மேசைக்குக் கீழே குண்டூசி உதவியாக அவள் காலைக் கிள்ளியது.

"அம்மா" என்று வாசித்தார் இயக்குநர்.

ஊசி இமைக்காமல் பார்த்தாள்.

"வீடு. மழை. ஜன்னல்."

ஒன்றுமில்லை.

"தெருவில் தெரிந்தவர் யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை."

இது வித்தியாசமாக இருக்கிறதே என்று ஊசி கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

"பழைய" என்று வாசித்தார் இயக்குநர். தொண்டையைச் செருமினார். "பழைய தலையணை."

அங்கே குரல் நின்றுவிட்டது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். அத்தனை பெரிய மனிதரின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்று, பிறகு படிவத்தின் மேல் விழுந்தது.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊசிதான் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

"என்ன ஆச்சு சார்? யாருடைய தலையணை?"

"என்னுது" என்றார் இயக்குநர். முதல் தடவையாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசினார். "பதினாறு வயசுல நானும் இப்படித்தான் போனேன். மாடியில ஒரு அறை குடுத்தாங்க. நல்லவங்கதான். சாப்பாட்டைப் படிக்கட்டுல வச்சிட்டுப் போவாங்க. மூணாவது மாசம், பதிமூணாம் தேதி, மழை. நான் நாள் பூரா அழுதேன். ஏன்னு ஒருத்தரும் கேக்கல. அன்னிக்கே முடிவு பண்ணினேன். இனிமே எந்தப் பிள்ளையும் ஒரு படிவம் இல்லாம அழக்கூடாது."

ஒருங்கிணைப்பாளர் தோளில் இருந்த குழலை மெதுவாகக் கழற்றித் தரையில் வைத்தார். "சார், அப்போ இந்த வளைவு..."

"என் டைரிதான்."

"ஐம்பது நாட்டு ஆய்வுன்னு போட்டிருக்கே சார்?"

"ஐம்பது நாட்டுக்கு அனுப்பினோம். யாரும் மறுப்புச் சொல்லல."

சித்தப்பா உள்ளே போய் ஒரு தட்டும் கிண்ணமும் எடுத்துவந்து இயக்குநர் முன்னால் வைத்தார். சித்தி அடுப்பில் இருந்ததைப் பரிமாறினார். "மொதல்ல சாப்பிடுங்க. படிக்கட்டுல வைக்கல பாருங்க, கூட உக்காந்து சாப்பிடறோம்." இயக்குநர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குண்டூசி அவருக்குத் தன் பங்கிலிருந்து ஒரு கரண்டி கொடுத்தது. காய்கறிதான்.

ஒருங்கிணைப்பாளர் சாப்பிடவில்லை. படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் கேள்வி: 'மதிப்பீட்டின்போது கண்ணீர் வந்ததா?' ஆம். இல்லை. அவ்வளவுதான். யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் எழுதுவது கழகத்தின் விதிகளுக்கு விரோதம். ஒருங்கிணைப்பாளர் பேனாவை எடுத்து 'ஆம்' கட்டத்தில் அழுத்தமாகக் குறியிட்டார். 'கால அளவு: நான்கு நிமிடம், இருபது வினாடி. தரம்: மிக நன்று' என்று எழுதினார். ஈரம் பட்ட இடத்தை வட்டமிட்டு, 'சான்று இணைக்கப்பட்டுள்ளது' என்றும் சேர்த்தார்.

"நீ மூணாம் கட்டத்தைத் தாண்டிட்ட. வாழ்த்துகள்" என்று ஊசியின் கையைக் குலுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கதவை ஒரு தடவை திறந்து பாத்துட்டுப் போறேன். நல்லா திறக்குது" என்றார்.

அடுத்த மாதக் கழகச் செய்தி இதழில் 'பாதாளத்திலிருந்து மீண்ட பெண்' என்று ஊசியைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. வளைவு பத்தொன்பதாம் ஆண்டும் தப்பவில்லை என்று இயக்குநர் எழுதியிருந்தார். அதே இயக்குநர் ஞாயிற்றுக்கிழமைகளில் 'தொடர் கண்காணிப்பு' என்று சொல்லிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். சித்தப்பா அவருக்குப் பிளாஸ்டர் கலக்கக் கற்றுக்கொடுத்தார். கிண்ணத்தை மேசையில் தட்டித் தட்டி உள்ளிருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்றும் வேலை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தட்டும்போது பேச மாட்டார். அதுவே வீட்டுக்குப் பெரிய உபகாரம்.

ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம் ஊசிக்குப் போன் வந்தது. அப்பா. அப்பா தானாகப் போன் செய்கிறவர் அல்ல. தெருவில் நின்று பேசுகிறார் என்பது வண்டிச் சத்தத்தில் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதே. உங்கம்மாவுக்குத் தெரியாம பேசறேன். தொழில்ல ஒரு சின்ன சிக்கல்."

"என்னப்பா?"

"ரெண்டு மாசமா அவ வெட்டற துணி எல்லாம் ஒரே அளவா வருது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தங்க சட்டைக்குத் துணி குடுத்தாங்க. அவங்க ரெண்டு ஆள் உடம்பு. தைச்சுக் குடுத்தா, அவங்க பொண்ணுக்குக்கூட இறுக்கமா இருக்குங்கறாங்க. அளவு நோட்டு பக்கத்துலயே திறந்துதான் இருக்கு. பாத்துட்டுத்தான் வெட்டறா. ஆனா கை தன்னால உன் அளவுக்கே போயிடுது."

ஊசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேட்டா, கத்தரிக்கோல் சாணை பிடிக்கலைங்கறா. நானும் ரெண்டு தடவை சாணை பிடிச்சாச்சு." அப்பா தயங்கினார். "உங்க கழகத்துல இதுக்கு ஏதாவது படிவம் இருக்குமா?"

ஊசி ஒருங்கிணைப்பாளரைக் கேட்டாள். அவர் கையேடு முழுக்கத் தேடிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். பெற்றோருக்குக் கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெருமை. முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை ஒரே நேர்கோடு. "மன்னிச்சுக்கோம்மா. அவங்களைப் பத்தி நாங்க யோசிக்கவே இல்ல" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மறுநாள் சித்தி வேலை முடிந்து வந்ததும் ஊசி அம்மாவின் சட்டைக் கதையைச் சொன்னாள். சித்தி சீருடையைக்கூட மாற்றாமல், பட்டறை இழுப்பறையைத் துழாவி ஓர் அளவு நாடாவை எடுத்து வந்தார். ஊசி ஊருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நான் வளந்துட்டேன். பழைய அளவு எதுவும் சரியா வராது. எனக்கு ஒரு சட்டை தைச்சு அனுப்பு."

எதிர்ப்பக்கம் இயந்திரம் ஓடவில்லை.

"அங்க கடையே இல்லையா?"

"இருக்கு. நல்லா இல்ல."

"யாரு அளவெடுக்கறது?"

"சித்தி."

"பஸ் ஓட்டறவளா? நாடாவை நேராப் பிடிக்கத் தெரியுமா அவளுக்கு?"

"தெரியுமாம்."

"சரி, சொல்லு. தோள்."

சித்தி அளந்தார். ஊசி சொன்னாள். பல ஆயிரம் மைலுக்கு அப்பால் பென்சில் நோட்டில் ஓடும் சத்தம் கேட்டது. மார்பு. இடுப்பு. உயரம். உயரம் கேட்டபோது மட்டும் அம்மா, "என்னது?" என்றாள். இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

"கை நீளம்."

சொன்னாள்.

"சரியா இருக்காது. மறுபடி அளக்கச் சொல்லு."

சித்தி மறுபடி அளந்தார். அதே அளவுதான்.

அம்மா ஒரு வாடிக்கையாளரை இரண்டாவது தடவை அளந்து ஊசி பார்த்ததில்லை. ஒரே தடவை நாடாவைப் போட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொள்கிறவள் அவள்.

"இன்னொரு தடவை" என்றாள் அம்மா. பென்சில் சத்தம் நின்றிருந்தது. "கையை மடக்காம, நல்லா நீட்டு."

ஊசி கையை நீட்டினாள். சித்தி நாடாவைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை, அவசரமில்லாமல், மூன்றாம் தடவையாக ஓட்டினார்.